நெருக்கமான கேலக்ஸிக் குழு எப்போது, எப்படி உருவானது? நீங்களே தேடிக் கண்டுபிடிக்கும் வழி

நெருக்கமான ஒரு கேலக்ஸிக் குழு எப்படி உருவானது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும்: அந்தக் கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்ந்தது எது, எப்போது வந்தது? மற்றதெல்லாம் இதற்குப் பதில் தேடும் வேலைதான். இந்த வேலைக்குத் தொலைநோக்கி வேண்டாம். இணையம், ஒரு கால்குலேட்டர், கடைசிப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் பைத்தான் தெரிந்திருந்தால் நல்லது.

எதை நெருக்கமான குழு என்கிறோம் என்பதை முதலில் முடித்துவிடலாம். 1982-ல் பால் ஹிக்சன், பாலோமர் வானக் கணக்கெடுப்பின் சிவப்புப் படங்களைக் கண்ணால் அலசி 100 குழுக்கள் கொண்ட ஒரு பட்டியல் போட்டார். அவர் வைத்த நிபந்தனைகள் மூன்று. குறைந்தது 4 கேலக்ஸிகள் வேண்டும், அவற்றின் பிரகாசம் கூட்டத்தின் மிகப் பிரகாசமான ஆளிலிருந்து 3 மேக்னிட்யூடுக்குள் (பிரகாசத்தை அளக்கும் அலகு, எண் கூடக் கூட மங்கல்) இருக்கவேண்டும். அவற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், அதன் ஆரத்தைப்போல 3 மடங்கு தூரத்துக்குள் அதே தரத்தில் வேறு கேலக்ஸி இருக்கக்கூடாது. அந்த வட்டத்துக்குள் சராசரிப் பரப்புப் பிரகாசம் ஒரு சதுர ஆர்க்வினாடிக்கு (ஆர்க்வினாடி என்பது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) 26 மேக்னிட்யூடைவிட மங்கக்கூடாது. அவ்வளவுதான். இந்த மூன்றிலும் தூரம் என்ற பேச்சே இல்லை, எல்லாமே வானத்தில் தட்டையாகத் தெரியும் படத்தை வைத்துப் போட்ட விதிகள். அதனால்தான் முதல் வேலை பொறுக்கி எடுப்பது.

குழு நிஜமா என்று பாருங்கள்

பழகுவதற்கு ஸ்டெஃபான் ஐவர் குழுவைவிட நல்ல உதாரணம் கிடையாது. எத்வார் ஸ்டெஃபான் 1877-ல் மார்சேயில் கண்டுபிடித்தது, ஹிக்சன் பட்டியலில் எச்சிஜி 92, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 ஜூலையில் வெளியிட்ட முதல் படங்களில் ஒன்று. கால்டெக் வளாகத்தில் இருந்து நடக்கும் நெட் என்ற கேலக்ஸித் தரவுத்தளத்தைத் திறந்து, ஒவ்வொரு உறுப்பினரின் பெயரையும் தனித்தனியாகப் போட்டுச் செம்பெயர்ச்சியை (விலகிப்போகும் கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு, பொதுவாக அது கூடக் கூடத் தூரமும் கூடும்), அல்லது அதற்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும் வேகத்தை எடுங்கள். என்ஜிசி 7317-க்கு வினாடிக்கு 6,600 கி.மீ. அளவில் வரும், 7318ஏ-க்கு 6,630, 7319-க்கு 6,750, 7318பி-க்கு 5,770. ஐந்தாவது ஆளான 7320-க்கு வெறும் 790.

790 எங்கே, 6,600 எங்கே. என்ஜிசி 7320 நமக்கு ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, மற்ற நாலும் 29 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். படத்தில் பெரிதாக, நீலமாக, நடுநாயகமாகத் தெரியும் ஆளுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதை 1961-லேயே ஜெஃப்ரி பர்பிட்ஜும் மார்கரெட் பர்பிட்ஜும் அளந்து சொல்லிவிட்டார்கள். வானியலாளர் ஹால்டன் ஆர்ப் மட்டும், செம்பெயர்ச்சி எப்போதும் தூரத்தைக் காட்டாது என்று இதைப் போன்ற குழுக்களை வைத்தே வெகுகாலம் வாதாடினார். பின்னாளில் விண்வெளித் தொலைநோக்கிகள் 7320-ன் நட்சத்திரங்களைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டின, பக்கத்திலிருக்கும் மற்றவற்றில் அது முடியவில்லை. அதற்கு மேலும் வாதாட என்ன இருக்கிறது?

வழக்கமான விதி இது: குழுவின் நடுமட்ட வேகத்திலிருந்து வினாடிக்கு 1,000 கி.மீ.-க்குள் இருப்பவை உள்ளே, மற்றவை வெளியே. 1992-ல் ஹிக்சனும் கூட்டாளிகளும் தம்முடைய 100 குழுக்களையும் இப்படி வடிகட்டியபோது, மூன்றோ அதற்கு மேலோ நிஜ உறுப்பினர் உள்ளவை 92, நாலும் அதற்கு மேலும் உள்ளவை 69 என்று வந்தது. மோசமில்லை.

ஆனால் இந்த 1,000 கி.மீ. விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேகத்தில் தெரியும் 1,000 கி.மீ. வித்தியாசம் முழுவதும் பிரபஞ்ச விரிவால் வந்ததாக இருந்தால், அந்த இரண்டு கேலக்ஸிகளுக்கும் நடுவே 4 கோடி ஒளியாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கும், அதாவது அவை ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்த்திருக்காது. கேரி மேமன் 1986-லேயே இதைக் கிளப்பினார்: பெரிய தளர்வான குழு ஒன்றுக்குள் நாலு கேலக்ஸி தற்செயலாக நம் பார்வைக் கோட்டில் விழுந்தாலும் நெருக்கமான குழுவாகத்தான் தெரியும். 1995-ல் ஹெர்ன்குவிஸ்ட், காட்ஸ், வெயின்பெர்க் மூவரும் இன்னொரு வழி சொன்னார்கள். கேலக்ஸிகள் நீளமான இழைகளில் கோத்துக் கிடக்கின்றன, அந்த இழையை நுனியிலிருந்து பார்த்தால், நீண்ட சாலையின் ஒரு முனையில் நின்று பார்க்கும்போது தெருவிளக்குகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு தெரிகிற மாதிரி ஒரே கொத்தாகத் தெரியும். ஆகவே வேகம் ஒத்துப்போனால் பாதிப் பரீட்சைதான் தேறியிருக்கிறது. மீதிப் பாதிக்கு உடலில் காயம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

கடக்கும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

இது ஐந்து நிமிட வேலை, ஆனால் விஷயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரு கேலக்ஸி குழுவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக எவ்வளவு காலம் ஆகும்?

சுருக்கு வழி: தூரத்தை ஒளியாண்டில் எடுங்கள், 3,00,000-ஆல் பெருக்குங்கள் (ஒளியின் வேகம் வினாடிக்கு அத்தனை கி.மீ.), கேலக்ஸியின் வேகத்தால் வகுங்கள். வருவது ஆண்டு. ஹிக்சன் குழுக்களில் உறுப்பினர்களுக்கு இடையிலான நடுமட்டத் தூரம் ஏறத்தாழ 1,80,000 ஒளியாண்டு, பார்வைக் கோட்டில் வேகச் சிதறல் (உறுப்பினர்களின் வேகம் சராசரியிலிருந்து விலகும் அளவு) வினாடிக்கு 200 கி.மீ. நாம் அளப்பது மூன்று திசைகளில் ஒன்றை மட்டும்தான் என்பதால் அதை 1.73-ஆல் பெருக்கி 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 15 கோடி ஆண்டு வரும். தூரமும் தட்டையாகத்தான் தெரிகிறது என்பதற்கான கோணத் திருத்தம் சேர்த்தாலும் 20 கோடி.

பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. இந்தக் குழு ஆதியிலிருந்தே இதே நெருக்கத்தில் இருந்திருந்தால், ஒவ்வொரு கேலக்ஸியும் கூட்டத்தை 70 தடவையாவது குறுக்கே வெட்டியிருக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஈர்ப்பு அதன் வேகத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், இயக்க உராய்வு என்று சொல்வது இதைத்தான். சில சுற்றுகளில் எல்லாம் நடுவில் விழுந்து ஒன்றாகிவிடும். 1989-ல் ஜோஷ் பார்ன்ஸ் இப்படிப்பட்ட குழுக்களைக் கணினியில் ஓடவிட்டபோது, அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய நீள்வட்டக் கேலக்ஸியாக முடிந்தன. அப்படியானால் நாம் இன்று இத்தனை குழுக்களைப் பார்ப்பது எப்படி?

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு, இரண்டிலும் உண்மை இருக்கிறது. டியாஃபெரியோ, கெல்லர், ரமெல்லா 1994-ல் சொன்னது: பழைய குழுக்கள் கரைந்துகொண்டே இருக்க, சுற்றியிருக்கும் தளர்வான பெருங்குழுவிலிருந்து புது ஆட்கள் விழுந்து புதுக் குழுக்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. அத்தனாசுலா, மகினோ, போஸ்மா 1997-ல் காட்டியது: கரும்பொருள் (ஒளி வீசாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்) ஒவ்வொரு கேலக்ஸியோடும் தனித்தனியாக ஒட்டியிராமல் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பெரிய ஹேலோவாக, அதாவது எல்லாவற்றையும் சூழ்ந்த ஒரே திரளாக, பரவிக் கிடந்தால், ஒன்றுசேரும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். என்னைக் கேட்டால் முதல் பதிலுக்குத்தான் கனம் அதிகம், ஏன் என்பது கடைசிப் பகுதியில் வரும் எண்களைப் பார்த்தால் புரியும்.

காயங்களைப் படியுங்கள்

ஸ்டெஃபான் குழுவுக்கே திரும்புவோம். 7318பி-யின் வேகம் மற்றவர்களைவிட 800, 900 கி.மீ. குறைவு. குழுவை விட்டுத் தள்ள வேண்டிய அளவு வித்தியாசமில்லை, ஆனால் கூட்டத்தில் அமைதியாகச் சுற்றுகிற ஆளின் வேகமும் அது இல்லை. அது இப்போதுதான் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கிறது. பாய்ந்த வேகத்தில் குழுவின் வாயுவில் மோதி, பால்வீதியைவிட நீளமான ஓர் அதிர்ச்சி அலையை எழுப்பியிருக்கிறது. சந்திரா விண்வெளித் தொலைநோக்கியின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அது செங்குத்தான ஒரு பட்டையாகத் தெரியும், ரேடியோவிலும் தெரியும், ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதே இடத்தில் மூலக்கூறு ஹைட்ரஜனின் ஒளியைப் பிடித்தது. ஆக, கடைசியாக வந்தது யார் என்ற கேள்விக்கு இங்கே பதில் பளிச்சென்று கிடைக்கிறது.

அதற்கு முந்திய விருந்தாளி 7320சி. இப்போது கொஞ்சம் விலகி நிற்கிறது, ஆனால் பல கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே புகுந்து 7319-ன் வாயுவை இழுத்து வெளியே போட்டுவிட்டுப் போனதற்கு நீண்ட ஓத வால்கள் (ஈர்ப்பு இழுத்து நீட்டிய நட்சத்திர, வாயு இழைகள்) சாட்சி. அதற்கும் முந்தைய கதையும் இருக்கிறது. 2018-ல் வெளியான மிக ஆழமான படங்களில், எதிலும் பட்டுக்கொள்ளாத மாதிரி ஓரத்தில் கிடக்கும் 7317-ஐயும் சேர்த்து மூடிக்கொண்டு ஒரு சிவந்த மங்கலான ஒளிப்படலம் தெரிந்தது. சிவப்பு என்றால் வயதான நட்சத்திரங்கள், அவ்வளவு பரவிக் கிடக்கிறது என்றால் அவை உதிர்ந்து வெகுகாலம் ஆகியிருக்கவேண்டும். ஒரே குழுவுக்குள் பழைய உட்கரு, இடையில் வந்து போனவர், இந்தக் கணம் மோதிக்கொண்டிருப்பவர் என்று மூன்று தலைமுறை.

எந்தக் குழுவை எடுத்தாலும் இந்த ஒளிப்படலத்தை முதலில் தேடுங்கள். மோதலின்போது பிய்ந்த நட்சத்திரங்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் நடுவெளியில் மிதக்கும், சுற்று கூடக் கூட அது சேரும். செய்ஃபர்ட் அறுவர் எனப்படும் எச்சிஜி 79-ல் மொத்த ஒளியில் கிட்டத்தட்ட பாதி இப்படிச் சிந்திக் கிடப்பதாக அளந்திருக்கிறார்கள். எச்சிஜி 88-ல் அப்படி ஒன்றும் தென்படவில்லை, அங்கே நாலு சுருள் கேலக்ஸிகளும் பெரிதாகச் சிதையாமல் வரிசையாக நிற்கின்றன. முன்னது கிழடு, பின்னது இளசு. உலாவியிலேயே வானப் படங்களைக் காட்டும் அலாதீன் லைட்டில் இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தீர்கள் என்றால் வாழ்நாளுக்கும் மறக்காது. (அறுவர் என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். அதில் ஒன்று ஏறத்தாழ ஐந்து மடங்கு தூரத்தில் பின்னால் இருக்கும் வேறு கேலக்ஸி, இன்னொன்று கேலக்ஸியே இல்லை, பிய்ந்து தொங்கும் நட்சத்திர வால். மிச்சம் நாலுதான்.)

அடுத்தது வாயு. புதிதாகச் சேர்ந்த குழுவில் குளிர்ந்த ஹைட்ரஜன் கேலக்ஸிகளுக்குள்ளேயே இருக்கும். மோதல்கள் கூடும்போது அது வால்களுக்கும் நடுவெளிக்கும் போய், பிறகு காணாமலே போகும், கேலக்ஸிகளும் சுருள் வடிவத்தை இழந்து நீள்வட்டமாகிவிடும். முற்றிய குழுவில் அதற்குப் பதிலாக எக்ஸ்-கதிர் வீசும் சூடான வாயு குழு முழுக்க நிரம்பியிருக்கும், எச்சிஜி 62 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். எதிர் முனையில் எச்சிஜி 31: சுமார் 16.6 கோடி ஒளியாண்டு தூரத்தில் சிறு கேலக்ஸிகள், நிறைய வாயுவோடு, 75,000 ஒளியாண்டு அகலத்துக்குள் இடித்துக்கொண்டு புது நட்சத்திரக் கொத்துகளை மளமளவென்று பெற்றுத் தள்ளுகின்றன. அவற்றில் இருக்கும் பழைய நட்சத்திரங்களோ 1,000 கோடி வயதுடையவை. இவை ஒன்றையொன்று சந்திக்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டன, அவ்வளவுதான். நட்சத்திரத்தின் வயது வேறு, குழுவின் வயது வேறு என்பதை மட்டும் எப்போதும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆரம்பகாலப் பிரபஞ்சத்தில் தேடுவதென்றால்

சரி, அப்போது நிஜமாகவே ஆதிகாலத்தில் உருவான நெருக்கமான குழுக்கள் எங்கே? அவற்றைப் பார்க்க ஆதிகாலத்துக்கே போகவேண்டும், அதாவது செம்பெயர்ச்சி 4, 6, 8 என்று.

உருவான விதம் ஒன்றும் ரகசியமில்லை. பெருவெடிப்புக்கு 3,80,000 ஆண்டு கழித்துப் பொருள் பரவியிருந்ததில் இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் வித்தியாசம் இருந்தது. சாதாரணப் பொருளைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருக்கும் கரும்பொருள் அந்த மேடுகளில் முதலில் சரிந்து குவிய, வாயு அதன் பின்னால் விழுந்தது. சிறு ஹேலோக்கள் முதலில், பெரியவை அப்புறம். மேட்டின் மேல் மேடு இருந்த இடங்களில், அதாவது ஏற்கெனவே அடர்த்தி கூடிய ஒரு பெரும் பகுதிக்குள் நிறைய சிறு ஹேலோக்கள் ஒரே சமயத்தில் திரண்ட இடங்களில், கேலக்ஸிகள் பிறக்கும்போதே அக்கம்பக்கத்தாராகப் பிறந்தன. அப்போது பிரபஞ்சமும் சின்னது. செம்பெயர்ச்சி 7.88 என்றால் அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், அன்றைய தூரங்கள் இன்றையதில் 8.88-ல் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றுக்குமாக 8.88-ஐ மூன்று தடவை பெருக்குங்கள்: சராசரி அடர்த்தி இன்றைவிட ஏறத்தாழ 700 மடங்கு.

அந்த 7.88 சும்மா எடுத்த எண் இல்லை. ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்துக்குப் பின்னால், பெருவெடிப்பு நடந்து 65 கோடி ஆண்டே ஆன காலத்தில், 7 கேலக்ஸிகள் ஒன்றாக இருப்பதை 2023-ல் ஜேம்ஸ் வெப் நிறமாலை (ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்த பதிவு) கொண்டு உறுதிப்படுத்தினார்கள். அதன் உட்கருவை இன்னும் கூர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வாளர் குழு, 36,000 ஒளியாண்டு அகலத்துக்குள் 4 கேலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பதைக் கண்டது, அல்மா ரேடியோத் தொலைநோக்கியில் தூசியும் தெரிந்தது. பால்வீதியின் வட்டத்துக்குள்ளேயே அடக்கிவிடலாம். ஹிக்சன் பட்டியலில் இவ்வளவு இறுக்கமான ஆட்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது என்ன? வெப்பின் படங்கள் பொதுவில் கிடைக்கின்றன. ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா கோடு 0.1216 மைக்ரான், அதை 8.88-ஆல் பெருக்கினால் 1.08. இதைவிடக் குறைந்த அலைநீளத்தை இடைவெளியிலிருக்கும் ஹைட்ரஜன் விழுங்கிவிடும். எனவே வெப்பின் எஃப்090டபிள்யூ வடிகட்டியில் (0.9 மைக்ரான் அளவில்) சுத்தமாகக் காணாமல், எஃப்150டபிள்யூ-வில் (1.5 மைக்ரான் அளவில்) தெரியும் புள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது சந்தேகப் பட்டியல் மட்டும்தான். அடுத்து நிறமாலை வேண்டும்: ஆக்ஸிஜனின் 0.5007 மைக்ரான் கோடு இந்தத் தூரத்தில் 4.45 மைக்ரானில் விழும், வெப்பின் நிர்ஸ்பெக் கருவி 5 மைக்ரானைக் கொஞ்சம் தாண்டிவரை பார்க்கும் என்பதால் பிடித்துவிடலாம்.

வேக வித்தியாசம் எடுக்கும்போது நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சி 0.01 மாறினால், ஒளிவேகத்தால் பெருக்கி 3,000 கி.மீ. என்று எழுதிவிட்டு இவை உறவில்லை என்று முடித்துவிடக்கூடாது. ஒன்றோடு செம்பெயர்ச்சியைக் கூட்டிவரும் எண்ணால், இங்கே 8.88-ஆல், வகுக்கவேண்டும். வருவது சுமார் 340 கி.மீ., ஒரே குழுவாக இருக்கத் தாராளமாக வாய்ப்புண்டு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், வெறும் நிறங்களை வைத்து ஊகித்த செம்பெயர்ச்சியில் 0.1 பிழை இருந்தாலே 3,400 கி.மீ. தடுமாற்றம். நிற ஊகத்தை மட்டும் வைத்துக் குழு என்று அறிவிக்கும் எதையும் நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

இன்னும் மூன்று கண்ணிகள். ஏபெல் 2744 மாதிரிக் கொத்துகள் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்து ஈர்ப்பு லென்ஸாக வேலை செய்வதால் ஒரே கேலக்ஸி இரண்டு, மூன்று இடத்தில் தெரியலாம், செம்பெயர்ச்சியும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும், குழு மாதிரியே நடிக்கும். வெளிவந்த லென்ஸ் மாதிரிப் படத்தோடு ஒப்பிடாமல் எண்ணத் தொடங்காதீர்கள். அடுத்து, ஆதிகாலக் கேலக்ஸிகள் கட்டிகட்டியாக இருக்கும், ஒரே கேலக்ஸியின் நாலு கட்டிகளை நாலு கேலக்ஸி என்று எண்ணிவிடுவது சுலபம். நடுவில் வேகம் சீராகச் சுழன்று மாறுகிறதா, ஒவ்வொன்றுக்கும் தனி வேகமா என்று பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். மூன்றாவது, பரப்புப் பிரகாசம் ஒன்றோடு செம்பெயர்ச்சியைக் கூட்டிய எண்ணின் நாலாம் அடுக்கில் மங்கும், 8.88-க்கு அது 6,000 மடங்குக்கு மேல். முந்தைய பகுதியில் சொன்ன ஓத வால், ஒளிப்படலம் எதுவும் அங்கே கண்ணுக்குத் தட்டுப்படாது, ஹிக்சனின் 26 மேக்னிட்யூட் விதியும் அங்கே செல்லாது. அதற்குப் பதில் வாயுவின் ஒளியைத் தேடவேண்டும். பெருவெடிப்புக்கு சுமார் 80 கோடி ஆண்டு கழித்து குறைந்தது ஐந்து கேலக்ஸிகள் மோதிக்கொள்வதை வெப் காட்டியபோது, அவை ஒன்றோடொன்று கைவைத்திருக்கின்றன என்பதற்குக் கிடைத்த தடயம் சுற்றிலும் பரவிக் கிடந்த ஆக்ஸிஜன் கலந்த வாயுதான்.

தூசி மூடிய குழுக்களுக்கு வெப்பைவிட அல்மா நல்லது. எஸ்பிடி 2349-56 முதலில் தென்துருவத் தொலைநோக்கியில் ஒரே பிரகாசமான புள்ளியாகத்தான் இருந்தது. அல்மா அதைப் பிரித்தபோது, பெருவெடிப்புக்கு 140 கோடி ஆண்டு கழித்து, 4 லட்சம் ஒளியாண்டு அளவுள்ள இடத்தில் 14 கேலக்ஸிகள். 2018-ல் இந்த முடிவு வெளியானது.

இப்போது கடக்கும் நேரத்தை இங்கேயும் போடுங்கள். ஒரு ஹேலோ எந்தக் காலத்தில் உருவானாலும் அன்றைய சராசரி அடர்த்தியைப்போல ஏறத்தாழ 200 மடங்கு அடர்த்தியில் நிலைகொள்ளும், அதனால் அதைக் கடக்கும் நேரம் அன்றைய பிரபஞ்ச வயதில் பத்தில் ஒரு பங்கு என்ற வாக்கிலேயே இருக்கும். 65 கோடி ஆண்டு வயதுப் பிரபஞ்சத்தில் அது 6, 7 கோடி ஆண்டு, ஹேலோவின் நடுப்பகுதியில் இன்னும் குறைவு. அந்த 36,000 ஒளியாண்டுக் கூட்டம் சில கோடி ஆண்டுகளில் ஒரே கேலக்ஸியாகிவிட்டிருக்கும். ஆதிகாலத்தில் உருவான நெருக்கமான குழு இன்றுவரை குழுவாக நீடிப்பது அபூர்வம் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

கணினியில் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்

வானத்தில் நமக்கு ஒவ்வொரு குழுவின் ஒரே ஒரு கணம்தான் கிடைக்கும். இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி என்ற, பிரபஞ்சத்தைக் கணினியில் ஓட்டிக் காட்டும் உருவகப்படுத்தலில் முழுப் படமும் கிடைக்கும், கணக்குத் தொடங்குவதற்குக் காசும் இல்லை. பதிவு செய்தால் தரவை நிரல் வழியே இறக்க ஒரு ஏபிஐ சாவி தருவார்கள், உலாவியிலேயே பைத்தான் ஓட்டவும் வசதி இருக்கிறது. அதன் பதிப்புகளில் ஒன்றான டிஎன்ஜி100-ல் தொடங்குங்கள்.

ஒவ்வொரு கணத்தில் எடுத்த பதிவையும் ஸ்னாப்ஷாட் என்கிறார்கள், 99-ஆம் ஸ்னாப்ஷாட் இன்றைய நிலை. அதில் சூரியனைப்போல 1,000 கோடி மடங்கு நட்சத்திர நிறை கொண்ட கேலக்ஸிகளை எடுத்து, நாலு ஆட்கள் 100 கிலோபார்செக்குக்குள் (ஒரு கிலோபார்செக் ஏறத்தாழ 3,260 ஒளியாண்டு) இருக்கும் கூட்டங்களைப் பொறுக்குங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும், எது எதிலிருந்து வந்தது என்று காட்டும் சப்லிங்க் வம்ச மரத்தில் முதன்மை முன்னோர் கிளையை இறக்கி, ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிலும் நாலின் நிறை மையத்தையும் அதிலிருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் போட்டு, காலத்துக்கு எதிரே வரைந்துவிடுங்கள். செம்பெயர்ச்சி 1 என்பது 50-ஆம் ஸ்னாப்ஷாட், 2 என்பது 33, 5 என்பது 17.

தூரங்கள் விரிவோடு சேர்ந்து நீளும் அலகில் இருக்கும் என்பதை மறந்தால் எல்லாம் பாழ். தரவில் வரும் எண்ணை 0.6774-ஆலும், ஒன்றோடு செம்பெயர்ச்சியைக் கூட்டிய எண்ணாலும் வகுங்கள். 33-ஆம் ஸ்னாப்ஷாட்டில் 600 என்று இருந்தால் நிஜ தூரம் 295 கிலோபார்செக். உருவகப்படுத்தல் நடப்பது ஒரு கனசதுரப் பெட்டிக்குள், அந்தப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வெளியேறும் கேலக்ஸி மறு ஓரத்தில் நுழையும், அப்போது தூரம் திடீரென்று எகிறினால் பெட்டி நீளமான 75,000-ஐ (வகுப்பதற்கு முந்தைய தரவு அலகில்) கழித்துக்கொள்ளுங்கள். தரவில் சப்ஹேலோ கொடி (SubhaloFlag) என்ற குறி பூஜ்யமாக இருப்பவை கேலக்ஸியே அல்ல, பெரிய கேலக்ஸியிலிருந்து பிய்ந்த கட்டிகள், முதலிலேயே கழித்துக்கட்டுங்கள். ஒரு கேலக்ஸி இன்னொன்றின் நடுவைக் கடக்கும் நேரத்தில் நிரல் அதை அடையாளம் தெரியாமல் தொலைத்துவிடும், நிறை திடீரென்று சரிவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அடுத்த ஸ்னாப்ஷாட்டில் பெரும்பாலும் திரும்பிவிடும்.

வரைபடத்தில் பார்க்கவேண்டியது நாலாவது ஆளின் கோடு. அது செங்குத்தாக இறங்கிவந்து 99-ல் முதல்முறையாக உள்ளே நுழைந்தால், குழு நேற்றுப் பிறந்தது. ஒருமுறை உள்ளே வந்து, வெளியே போய், மறுபடி வந்தால் இரண்டாம் சுற்று. நாலு கோடுகளும் அலை அலையாக, அலையின் உயரம் குறைந்துகொண்டே வந்தால் இயக்க உராய்வு மெல்ல இறுக்குகிறது. ஆரம்பத்திலேயே கீழே இறங்கி அப்படியே தட்டையாக ஓடுபவைதான் ஆதிகாலக் குழுக்கள். டியாஸ்-கிமெனெஸ் குழுவினர் மில்லேனியம் உருவகப்படுத்தலில் 6,000-க்கு மேற்பட்ட குழுக்களை இப்படித்தான் நாலு வகையாகப் பிரித்தார்கள். பெரும்பாலானவற்றில் கடைசி ஆள் முதல் அல்லது இரண்டாம் சுற்றில் இருந்தது, மெல்ல இறுகியவை 10 முதல் 20 சதவீதம், ஆதியிலேயே உருவாகிப் பெரிதாக மாறாதவை சில சதவீதம் மட்டுமே.

அதே ஆய்வில் வானத்தில் பயன்படும் ஒரு துப்பும் கிடைத்தது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி. சீக்கிரம் உருவான குழுக்கள் அளவில் சிறியவை, கடக்கும் நேரம் குறைவு, முதல் கேலக்ஸிக்கும் இரண்டாவதுக்கும் பிரகாச இடைவெளி அதிகம், முதல் கேலக்ஸி நடுமையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நெட்டில் எடுத்த எண்களை வைத்து ஹிக்சன் பட்டியல் முழுவதையும் இந்த நாலு அளவில் வரிசைப்படுத்துவது ஒரு வார இறுதி வேலை. மேலே வருபவற்றுக்கு எக்ஸ்-கதிர் வாயுவும் ஒளிப்படலமும் இருக்கிறதா என்று அப்புறம் சரிபாருங்கள்.

இன்னும் பழையவை வேண்டுமென்றால் குழுக்களைத் தேடுவதையே விட்டுவிட வேண்டியதுதான். 1994-ல் பான்மனும் கூட்டாளிகளும் தனியாக நிற்கும் ஒரு நீள்வட்டக் கேலக்ஸியைச் சுற்றி, ஒரு முழுக் குழுவுக்கு இருக்கவேண்டிய அளவு எக்ஸ்-கதிர் வாயு இருப்பதைக் கண்டார்கள். கூட்டம் மொத்தமும் நடுவிலிருப்பதில் கரைந்துபோயிருக்கிறது, சூடான வாயு மட்டும் மிச்சம். இவற்றைத் தொல்லெச்சக் குழுக்கள் என்கிறோம். எக்ஸ்-கதிர்ப் பட்டியலில் குழு அளவுக்குப் பிரகாசமான மூலங்களை எடுங்கள், அதே இடத்தின் ஒளிப்படத்தைத் திறங்கள், நடுவில் இருப்பதைவிட அடுத்த உறுப்பினர் 2 மேக்னிட்யூடுக்கு மேல் மங்கலாக இருக்கிறதா பாருங்கள். அக்கம்பக்கத்தில் பிரகாசமாகத் தெரியும் மற்றவற்றின் செம்பெயர்ச்சியைச் சரிபார்த்து முன்னால், பின்னால் இருப்பவற்றைக் கழித்த பிறகும் இடைவெளி அப்படியே நின்றால், பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.